கட்டம் போட்டு ஓதுவோம்

"ஓதுகிறோம், ஓதும்போது புரிகிறது, நாலு நாளில் மறந்து போகிறது." மதரஸாவில் ஓதும் பிள்ளைகள் நம்மிடம் அடிக்கடி சொல்லும் குறை இது. பிள்ளைக்கு ஞாபகசக்தி போதவில்லை என்று பெற்றோர் பாதாம்பருப்பும் வல்லாரை லேகியமும் வாங்கிக் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும், கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் மறதி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் மறதியன்று. ஓதிய விஷயம் முதலிலேயே மனத்தில் ஓர் ஒழுங்கோடு உட்காரவில்லை என்பதுதான் பொருள். அடுக்காமல் அள்ளிப் போட்ட அறையில் ஒரு சாவியைத் தேடினால் கிடைக்குமா? சாவி அங்கேதான் இருக்கும். நம் கைக்கு எட்டாது.

அடுக்கி வைப்பதற்கு ஒரு வழி கோடு கிழிப்பது. இதைச் சொன்னவுடன், "இது இக்காலத்துப் பள்ளிக்கூட முறையாயிற்றே, நம் கிதாபுகளில் ஏது?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களுக்காக முதலில் ஒரு ஹதீதை நினைவூட்டுகிறோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை தோழர்களின் முன்னிலையில் சதுரமாக ஒரு கோடு வரைந்தார்கள். அதன் நடுவில் இன்னொரு கோட்டைத் தொடங்கி, அது சதுரத்தைக் கடந்து வெளியே செல்லும்படி நீட்டினார்கள். பிறகு நடுக்கோட்டை நோக்கிப் பக்கவாட்டிலிருந்து வருமாறு சிறுசிறு கோடுகளை இட்டார்கள். நடுவில் இருப்பவன் மனிதன்; அவனைச் சூழ்ந்திருக்கும் சதுரம் அவனுடைய தவணை; வெளியே நீண்டு போவது அவனுடைய ஆசை; சிறு கோடுகள் அவனுக்கு நேரும் துன்பங்கள், ஒன்று தவறினால் மற்றொன்று பிடித்துக் கொள்ளும் என்று விளக்கினார்கள். அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீது ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. நேர்கோடு ஒன்று வரைந்து, அதன் வலத்திலும் இடத்திலும் பல கோடுகளை இட்டு, நேரான வழியையும் விலகிச் செல்லும் வழிகளையும் காட்டிய நிகழ்ச்சியும் அதே தோழர் வழியாக முஸ்னது அஹ்மதில் பதிவாகியிருக்கிறது.

மனிதனின் ஆசை ஆயுளை மிஞ்சியது என்பதை வாயால் சொன்னாலே போதுமே. ஏன் வரைய வேண்டும்? காகிதத்தை எடுத்து நீங்களே அந்தச் சதுரத்தை வரைந்து பாருங்கள். நடுக்கோடு சதுரத்தின் விளிம்பைத் தாண்டும் இடத்தில் கை ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கம்தான் பாடம். சொல்லாகக் கேட்டால் காதைக் கடந்து போகும் செய்தி, கோடாகப் பார்த்தவருக்கு ஆயுள் முழுவதும் நிற்கிறது. ஹதீதின் விரிவுரையாளர்களும் இந்த வடிவம் எப்படி இருந்திருக்கும் என்று ஆராய்ந்து பலவாறு வரைந்து காட்டியிருக்கிறார்கள்.

இனி நம் சொந்தக் கதை ஒன்று. கொஞ்சம் வெட்கமான கதைதான்.

நாம் பட்டம் பெற்று வந்து, ஓர் ஊரில் இமாமாகப் பொறுப்பேற்ற முதல் வருடம். ஓர் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு வாலிபர் வந்தார். "ஹஜ்ரத், எங்க அத்தா மவுத்தாகி நாலு மாசமாச்சு. வீட்டு மனை ஒண்ணை வித்தோம். இருபத்தஞ்சு லட்சத்து இருபதாயிரம் வந்திருக்கு. சரீஅத்துப்படி பிரிச்சுக் குடுங்க" என்றார். யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டோம். "அம்மா இருக்காங்க. நானும் என் தம்பியும். தங்கச்சிங்க மூணு பேர்." கடன், வஸிய்யத், அம்மாவுக்குக் கொடுபடாத மஹர் ஏதும் உண்டா என்றும் மறக்காமல் கேட்டோம். எல்லாம் தீர்ந்துவிட்டது என்றார்.

ஃபராயிளில் நல்ல மதிப்பெண் வாங்கிய மிதப்பு நமக்கு அப்போது இருந்தது. நின்றபடியே சொல்லிவிட்டோம். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி ஏழு பங்கு. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆண் இருவருக்கு நான்கு, பெண் மூவருக்கு மூன்று. ஏழும் சரியாகப் போய்விட்டது. ஒரு பங்கு 3,15,000. அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் ஆளுக்கு அது. அண்ணன் தம்பிக்கு ஆளுக்கு 6,30,000. பின்னமே மிஞ்சாமல் இவ்வளவு அழகாகப் பிரிகிறதே என்று நமக்கே ஒரு மகிழ்ச்சி.

சில வாரங்கள் கழித்து உஸ்தாதைப் பார்க்கப் போனபோது இந்த மஸ்அலாவைப் பெருமையாகச் சொன்னோம். ஹஜ்ரத் அவர்கள் முழுவதும் கேட்டுவிட்டு, "இறந்தவருடைய தாயார்?" என்றார்கள்.

நாம் கேட்கவில்லை.

"தாயார் இல்லை என்று அவர் சொன்னாரா, நீ கேட்கவில்லையா?"

நாம் பதில் சொல்லவில்லை. ஹஜ்ரத் அவர்கள் திட்டவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையில் நடுவே ஒரு வட்டம் போட்டார்கள். மேலே இரண்டு கிளை: தகப்பன், தாய். பக்கத்தில் ஒன்று: மனைவி. கீழே ஐந்து கிளை: பிள்ளைகள். இரு புறமும் இரண்டு கிளை: உடன்பிறந்தார். பிறகு சுண்ணக்கட்டியை நம் கையில் கொடுத்து, "ஒவ்வோர் இடத்திலும் எழுது. அந்த மனிதர் உயிர் போன நேரத்தில் இவர் உயிரோடு இருந்தாரா, இல்லையா?" என்றார்கள். மனைவியையும் பிள்ளைகளையும் நிரப்பினோம். மற்ற இடங்கள் காலியாக நின்று நம்மைப் பார்த்தன.

ஊருக்குத் திரும்பி விசாரித்தோம். தகப்பனாருக்குத் தகப்பனார் முன்பே காலமாகியிருந்தார். தாயாரோ, மகன் மவுத்தான அன்று உயிரோடு இருந்திருக்கிறார். மகனின் மையித்தைப் பார்த்த அந்த மூதாட்டி படுத்த படுக்கையாகி நாற்பதாம் நாள் காலமாகிவிட்டார். "நன்னிதான் மவுத்தாயிட்டாங்களே ஹஜ்ரத், அதான் சொல்லலே" என்றார் அந்த வாலிபர். அவர் மறைக்கவில்லை. இல்லாதவரை எப்படிச் சொல்வது என்று அவர் நினைத்தார். கேட்க வேண்டியது நம் கடமை.

மகன் இறந்த நொடியிலேயே தாயின் ஆறில் ஒன்று தாய்க்கு உரிமையாகிவிட்டது. பணம் கைக்கு வந்ததா இல்லையா என்பது வேறு விஷயம். அந்த உரிமையோடு அவரும் இறந்ததால், அவருடைய பங்கு அவருடைய வாரிசுகளுக்குச் செல்லும். அவருக்கு உயிரோடிருக்கும் வாரிசுகள் இன்னொரு மகனும் ஒரு மகளும். மகன் இருப்பதால் பேரன் பேத்திகளுக்கு அதில் பாகமில்லை. அந்த மகள் கைம்பெண். அடுத்த தெருவில் இட்லி சுட்டு விற்றுப் பிழைப்பவர். தமக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. பங்கு பிரித்த அன்று அண்ணன் பிள்ளைகள் வாங்கிய இனிப்பை அவரும் தின்றிருக்கிறார்.

ஒருவர் இறந்து, பாகம் பிரிப்பதற்குள் அவருடைய வாரிசு ஒருவர் இறந்துவிட்டால் அந்தக் கணக்குக்கு முனாஸகா என்று பெயர். இதற்கென்றே நம் முன்னோர் ஒரு கட்டம் வகுத்து வைத்திருக்கிறார்கள். ஷுப்பாக், அதாவது ஜன்னல் கம்பி என்று பெயர். ஹிஜ்ரி 815இல் (கி.பி. 1412) மறைந்த இமாம் இப்னுல் ஹாயிம் (ரஹ்) அவர்களின் பெயரோடு அது வழங்குகிறது. பெயருக்கேற்பக் குறுக்கும் நெடுக்கும் கம்பி போட்ட ஜன்னல் மாதிரியே இருக்கும். இந்த மஸ்அலாவை அந்த ஜன்னலில் ஏற்றிப் பார்ப்போம். வாசகர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள். படித்துக் கொண்டே போனால் பயனில்லை.

முதல் பத்தியில் மேலிருந்து கீழாக வாரிசுகளை எழுதுங்கள்: மனைவி, தாய், மகன், மகன், மகள், மகள், மகள். இரண்டாம் பத்தியில் மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6. பிள்ளைகளுக்கு நேராக ஒரு வளைவு போட்டு 'மீதி' என்று எழுதுங்கள். எட்டிலும் ஆறிலும் பின்னமின்றிப் பிரியும் எண் 24. அதை மூன்றாம் பத்தியின் தலையில் எழுதினால் மனைவிக்கு 3, தாய்க்கு 4, மீதி 17. ஆணுக்கு இரண்டாக எண்ணினால் பிள்ளைகளின் தலைக்கணக்கு 7. பதினேழு ஏழால் பிரியாது. எனவே 24ஐ 7ஆல் பெருக்கி 168ஐ நான்காம் பத்தியின் தலையில் வையுங்கள். மனைவி 21, தாய் 28, ஆணுக்கு 34, பெண்ணுக்கு 17.

இப்போது தாயின் வரிசைக்கு நேராக ஐந்தாம் பத்தியில் 'மவுத்' என்று எழுதுங்கள். அங்கிருந்து கோடு இறங்கி, பட்டியலின் அடியில் இரண்டு புது வரிசை பிறக்கும்: தாயின் மகன், தாயின் மகள். இவர்களுடைய கணக்கு 3. மகனுக்கு 2, மகளுக்கு 1. தாய் விட்டுச் சென்ற 28 மூன்றால் பிரியாது. ஆகவே 168ஐ 3ஆல் பெருக்கி 504ஐக் கடைசிப் பத்தியின் தலையில் வையுங்கள். பழைய பங்குகள் எல்லாம் மும்மடங்காகும். தாயின் 28ம் 84 ஆகி, இருவருக்கும் பிரியும். முடிவில் ஜன்னல் இப்படி நிற்கும்:

மனைவி — 3 — 21 — 63
தாய் — 4 — 28 — மவுத்
மகன் (இருவர்) — ஆளுக்கு 34 — ஆளுக்கு 102
மகள் (மூவர்) — ஆளுக்கு 17 — ஆளுக்கு 51
தாயின் மகன் — 56
தாயின் மகள் — 28

கடைசிப் பத்தியைக் கூட்டுங்கள். 63, 204, 153, 56, 28, மொத்தம் 504. தலையில் உள்ள எண்ணும் அடியில் வரும் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருந்தால்தான் ஜன்னலை மூடலாம். மனை விற்ற 25,20,000ஐ 504ஆல் வகுத்தால் ஒரு பங்கு 5,000 ரூபாய். மனைவிக்கு 3,15,000; அவருக்கு நாம் முன்பு சொன்ன தொகையே வந்தது. மகனுக்கு 5,10,000, மகளுக்கு 2,55,000, தாயின் மகனுக்கு 2,80,000, அடுத்த தெருக் கைம்பெண்ணுக்கு 1,40,000.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் முதலில் நின்றபடி சொன்ன கணக்கும் கூட்டினால் சரியாகத்தான் வரும்! எட்டுப் பங்கு, எட்டும் போய்விட்டது. கணக்கில் பிழையில்லை, ஆளில் பிழை. அதனால்தான் உஸ்தாது ஜன்னலுக்கு முன் மரத்தை வரையச் சொன்னார்கள். எவ்வளவு என்பதைக் காட்டுவது ஜன்னல்; யார் என்பதைக் காட்டுவது மரம். முன்னதை மட்டும் போட்டுப் பழகியவர் நாம் செய்த தவறையே செய்வார், அதுவும் நம்மைவிட நேர்த்தியாகச் செய்வார்.

பேச்சுக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாடு இதில் தெரிகிறது. பேச்சில் சொல்லப்படாதது தெரியாது. அந்த வாலிபர் ஆறு பேரைச் சொன்னார். நம் காதில் ஆறு பேர் விழுந்தார்கள். ஏழாவது ஆள் ஒருவர் விடுபட்டதற்கு எந்த அடையாளமும் இல்லை. படத்திலோ விடுபட்ட இடம் வெறுமையாகக் கண்ணை உறுத்தும். 'இங்கே யார்?' என்று அதுவே கேட்கும். நினைவாற்றலுக்கு அது செய்யும் உதவியைவிட, நாம் கேட்க மறந்ததை நம்மிடம் கேட்கும் இந்த உதவி பெரியது என்பது நமது அனுபவம்.

மனத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை இக்கால மனநூலாரும் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரே சமயத்தில் மனத்தில் ஏந்தி வைத்திருக்கக்கூடிய விஷயங்கள் ஏழு அளவில் இருக்கும் என்று ஜார்ஜ் மில்லர் என்பவர் 1956இல் எழுதினார். அது நான்கு அளவுதான் என்று நெல்சன் கவன் என்பவர் 2001இல் குறைத்தார். நம் மஸ்அலாவில் வாரிசுகள் மட்டும் ஒன்பது பேர். அவரவர் பின்னம், அடி எண், பெருக்கம் எல்லாம் வேறு. ஏந்த முடியாத பாரத்தைக் காகிதத்தில் இறக்கி வைத்துவிட்டால் மனம் யோசிக்கும் வேலையை மட்டும் பார்க்கும். சொல்லாகவும் உருவமாகவும் இரு வகையில் பதிந்த செய்தி எளிதில் திரும்பக் கிடைக்கும் என்பது கனடா நாட்டு அறிஞர் ஆலன் பைவியோ 1971இல் ஒரு நூலாக விரித்துச் சொன்ன கருத்து.

"அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றபடியே பாகம் சொல்லவில்லையா?" என்று நம் மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஒருவர் மனைவியையும் இரு மகள்களையும் தாய் தகப்பனையும் விட்டு இறந்தார். அடி எண் 24. மனைவிக்கு 3, மகள்களுக்கு 16, தாய்க்கு 4, தகப்பனுக்கு 4. கூட்டினால் 27 ஆகிவிடுகிறது. பிரசங்கத்தின் நடுவே கேட்கப்பட்டபோது, மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்று அன்னார் தயங்காமல் விடை சொன்னார்கள். இதனாலேயே இதற்கு மின்பரிய்யா என்று பெயர். அவர்கள் அலீ. நாம் பென்சில் எடுத்துக் கொள்வோம்.

பங்குகளின் கூட்டுத்தொகை அடி எண்ணை மிஞ்சிப் போகும் இந்த நிலைக்கு அவ்ல் என்று பெயர். மாணவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் இதுதான். எந்த எண் எதுவரை ஏறும் என்பதை மனப்பாடமாக ஓதி, தேர்வு முடிந்த மறுநாள் மறந்து விடுவார்கள். நாம் இதை ஒரே தாளில் வரையச் சொல்வது வழக்கம்.

மேல் வரிசையில் அரை, கால், அரைக்கால் என்று எழுத வேண்டும். கீழ் வரிசையில் மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12, 176ஆம் வசனங்களில் வரும் பின்னங்கள் இந்த ஆறுதான். இரண்டு வரிசையிலும் ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதில் பாதி என்பதை எழுதிப் பார்த்தவுடன் பிள்ளைகளே கண்டுபிடித்து விடுகிறார்கள். மேல் வரிசைக்கு நம் தமிழில் தனித்தனிப் பெயர் இருப்பது ஒரு வசதி. அரைக்கால் என்றால் காலில் பாதி என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது; கீழ் வரிசைக்கு அப்படி ஒற்றைச் சொற்கள் புழக்கத்தில் இல்லை.

பிறகு மேல் வரிசையிலுள்ள ஒவ்வொன்றிலிருந்தும் கீழ் வரிசைக்கு ஒரு கோடு. கீழ் வரிசையிலுள்ள எதுவாயினும் சரி, அரையோடு சேர்ந்தால் அடி எண் 6. காலோடு சேர்ந்தால் 12. அரைக்காலோடு சேர்ந்தால் 24. கோட்டின் மேலேயே அந்த எண்ணை எழுதிவிட வேண்டும். அவ்ல் ஏறும் எண்கள் இந்த மூன்று மட்டுமே. இரண்டு வரிசையும் கலக்காதபோது வரும் 2, 3, 4, 8 ஆகியவை ஏறுவதே இல்லை. மூன்று எண்களுக்கும் மூன்று படிக்கட்டு வரையுங்கள். ஆறின் படிக்கட்டில் 7, 8, 9, 10 என்று நான்கு படி. பன்னிரண்டுக்கு 13, 15, 17 என்று ஒற்றைப்படையாக மூன்று படி. இருபத்து நான்குக்கு 27 என்று ஒரே படி. அதில் மிம்பர் படம் ஒன்று போட்டுவிட்டால் அலீ (ரலி) அவர்களின் வரலாறும் அங்கேயே நினைவுக்கு வந்து நிற்கும். நான்கு, மூன்று, ஒன்று என்று இறங்கி வரும் படிகளை ஒருமுறை கையால் வரைந்த மாணவர், ஆறு வருடம் கழித்து வந்தும் நம்மிடம் பிழையில்லாமல் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவு சொன்னதால் மனப்பாடம் வேண்டாம் என்று நாம் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ரஹ்பிய்யாவை மனனம் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள வேறுபாடு பாடம் தொடங்கிய பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பைத்து நாவுக்கு, படம் கண்ணுக்கு. குர்ஆன் ஹிஃப்ழு செய்யும் பிள்ளைகளிடம் இது இயல்பாகவே அமைந்திருக்கிறது. ஒரே பதிப்பு முஸ்ஹஃபில்தான் ஓத வேண்டும், மாற்றக் கூடாது என்று ஹிஃப்ழு உஸ்தாதுகள் கண்டிப்புக் காட்டுவார்கள். பதினைந்து வரி முஸ்ஹஃபில் ஓதிய ஹாஃபிழிடம் ஒரு வசனத்தைக் கேட்டால், ஓதுவதோடு நில்லாமல், 'வலப்பக்கம், மேலிருந்து மூன்றாம் வரி' என்றும் சொல்லிவிடுவார். அவருக்கு அந்தப் பக்கமே ஒரு படம். வேறு அச்சு முஸ்ஹஃபைக் கொடுத்துப் பாருங்கள், ஒரு நாள் தடுமாறுவார்.

பழைய ஆசிரியர்கள் கட்டத்தை வெறுக்கவுமில்லை. பதினோராம் நூற்றாண்டில் பக்தாதைச் சேர்ந்த இப்னு புத்லான் என்ற மருத்துவர், உணவுகளின் தன்மை, பயன், கெடுதி, மாற்று ஆகியவற்றைக் கட்டங்களாகவே அடுக்கி 'தக்வீமுஸ் ஸிஹ்ஹா' என்ற நூலை இயற்றினார். வானநூலார் கிரக நிலைகளை எழுதும் அட்டவணைக்குத்தான் தக்வீம் என்று பெயர். அதை அவர் மருத்துவத்துக்கு எடுத்துக் கொண்டார். கிதாபின் ஓரத்தில் கிளை கிளையாகப் பிரித்து எழுதிப் பார்க்கும் தஷ்ஜீர் முறையும், அதாவது மரமாக்கி எழுதுவதும், நம் கல்வி மரபில் பழையதே. இங்கிலாந்தில் டோனி பூஸான் என்பவர் 1974 முதல் தொலைக்காட்சியிலும் நூல்களிலும் 'மைண்ட் மேப்' என்ற பெயரில் இதைப் போன்ற கிளைப்படத்தைப் பரப்பி, உலகமெல்லாம் விற்றார். வண்ணப் பேனா இல்லாவிட்டால் மூளை வேலை செய்யாது என்கிற மாதிரிப் பேசும் பயிற்சியாளர்கள் இன்று நம் ஊர்களிலும் கட்டணம் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஒரு பென்சில் போதும்.

எந்தப் பொருளுக்கு எந்தப் படம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஒன்றிலிருந்து பல பிரிவதற்கு மரம் பொருந்தும்: வாரிசுகள், ஹதீதின் அறிவிப்பாளர் தொடர், தண்ணீரின் வகைகள். இரண்டை ஒப்பிடக் கட்டம் பொருந்தும். ஒளுவின் ஃபர்ளு ஹனஃபியில் நான்கு, ஷாஃபிஈயில் ஆறு என்பதை எதிரெதிரே எழுதினால் எந்த இரண்டு கூடுதல் என்பது தானே தெரியும்: நிய்யத்தும் வரிசையும். ஒன்றன்பின் ஒன்றாக வருவதற்கு நேர்கோடே போதும். ஹஜ்ஜின் நாட்களை 8ஆம் பிறையிலிருந்து 13 வரை ஒரு கோட்டில் குறித்து, எந்த நாளில் எந்த இடம் என்று எழுதிக்கொண்டு போன ஹாஜிகள் பயனடைந்ததைக் கண்டிருக்கிறோம். எல்லாவற்றுக்கும் மரமே போடுகிறவர்களும் உண்டு. தொழுகையின் நிலைகளைக் கிளை கிளையாகப் போட்டு, எது முந்தியது என்று தெரியாமல் போன ஒரு படத்தை ஒரு மக்தபின் சுவரில் பார்த்தோம்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. அச்சிட்ட படத்தைப் பார்த்து அப்படியே எழுதிக் கொள்வது. நாம் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் பலகையில் ஜன்னலை அழகாக வரைவோம். பிள்ளைகள் அதைவிட அழகாக நோட்டில் இறக்கிக் கொள்வார்கள். அடுத்த வாரம் கேட்டால் ஒருவருக்கும் வராது. காரணம் பின்னால்தான் விளங்கியது. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ப்பிக், பிளண்ட் என்ற இருவர் 2011இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு சாரார் பாடத்தை முன்னால் வைத்துக்கொண்டு கருத்துப்படம் வரைந்தார்கள். இன்னொரு சாரார் பாடத்தைப் படித்துவிட்டு மூடி வைத்து, நினைவிலிருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் இரண்டாம் சாராரே மிகுதியாகத் தேறினார்கள். தேர்வே படம் வரைவதாக இருந்தபோதும் அப்படித்தான் ஆயிற்று.

இதைக் காட்டி, படத்தால் பயனில்லை என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. படம் கெட்டதன்று, திறந்த புத்தகம்தான் கெடுக்கிறது. உஸ்தாது அன்று பலகையில் வட்டத்தை மட்டும் போட்டுவிட்டு, சுண்ணக்கட்டியை நம் கையில் ஏன் கொடுத்தார்கள் என்பது இதைப் படித்தபோதுதான் நமக்கு விளங்கியது. இப்போது நம் வகுப்பில் பலகையை முதலில் துடைத்துவிடுவோம். கிதாபை மூடச் சொல்வோம். பிறகுதான் வரைய வேண்டும். வரைந்து முடித்து, கிதாபைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையால் நிரப்ப வேண்டும். மூன்றாம் நாள் மறுபடியும் புதுத் தாளில். சிவப்பு குறைந்து கொண்டே வருவதைப் பிள்ளைகளே பார்த்து மகிழ்வார்கள். முதல் நாள் தாள் முழுவதும் சிவப்பாக இருப்பதைக் கண்டு அழுத பிள்ளையும் உண்டு. அவரை ஃபராயிளுக்கே அனுப்பலாம், அவ்வளவு தேறிவிட்டார்.

அந்த மனை விவகாரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அண்ணன் தம்பி ஆளுக்கு 1,20,000, தங்கைகள் ஆளுக்கு 60,000 திருப்பித் தர வேண்டியிருந்தது. நாம் வீட்டுக்குப் போய், "தவறு எங்களுடையது" என்று சொல்லி, மரத்தையும் ஜன்னலையும் அவர்கள் முன்னிலையில் மறுபடி வரைந்தோம். தங்கைகள் மறுநாளே கொடுத்துவிட்டார்கள். அண்ணன் கொஞ்சம் கோபப்பட்டார். "ஹஜ்ரத் வாயால சொன்னதை நம்பித்தானே நான் கடையிலே போட்டேன்" என்றார். நியாயமான கோபம். ஐந்து மாதத் தவணையில் கொடுத்து முடித்தார். தம்பியின் பணம் வருவதற்கு ஒரு வருடம் ஆயிற்று. முழுத் தொகையும் சேர்ந்தபின் அந்த அம்மையார் நம்மிடம் வந்து, "எங்க அம்மா மவுத்தான பிறகு எனக்குக் குடுத்தாங்களா ஹஜ்ரத்?" என்று கேட்டார். தாளை விரித்து, தாயின் பெயரிலிருந்து அவருடைய பெயருக்கு இறங்கும் கோட்டைக் காட்டினோம். எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்துக் கொண்டார்.

இனி வாசகர்களுக்கு ஒரு மஸ்அலா. ஒரு பெண்மணி இறந்தார். கணவர், தாய், ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். தகப்பனார் முன்பே காலமாகிவிட்டார். பாகம் பிரிப்பதற்குள் தாயும் இறந்துவிட்டார். தாய்க்கு உயிரோடிருப்பவர்கள் ஒரு மகனும் ஒரு மகளும். முதலில் மரம், பிறகு ஜன்னல். இந்த இதழை மூடி வைத்துவிட்டு வரையுங்கள். கடைசிப் பத்தியின் தலையில் 36 வந்தால் சரி. 108 வந்தால், தாயின் பங்கு ஏற்கெனவே மூன்றால் பிரிவதைப் பார்க்காமல் பெருக்கிவிட்டீர்கள்.